குட்டைக் குழலுக்கு எந்தத் தோட்டா?

1963-இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்பி-100 என்ற கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய கைத்துப்பாக்கிகளின் சாயல் எதுவும் அதில் இல்லை. தோட்டா அறையைத் திறந்து மூட ரைபிளில் உள்ளதுபோலக் கையால் தூக்கி இழுக்கும் போல்ட், நைலானில் வார்த்த உடல், நடுவில் கைப்பிடி, பதினோரு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல். ஒரு முறைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். அதற்கென்று முதலில் நினைத்திருந்தது, ரைபிள்களில் அப்போது பெயர்பெற்றிருந்த .222 ரெமிங்டன் தோட்டா. ஆனால் அந்தக் குட்டைக் குழலில் வைத்துச் சுட்டபோது, வெடிமருந்தில் ஒரு பங்கு குழலைத் தாண்டி வெளியே போய் எரிந்தது. முனையில் தீப்பந்து, கூடவே காதைப் பிளக்கும் ஓசை. பொறியாளர்கள் குழலை நீட்டவில்லை, தோட்டாவைக் குறுக்கினார்கள். 1.7 அங்குல உறை 1.4 அங்குலமாகக் குறைந்தது; மருந்தும் அதற்கேற்பக் குறைந்தது. அப்படிப் பிறந்ததுதான் .221 ஃபயர்பால். 50 கிரெய்ன் (சுமார் 3.2 கிராம்) எடையுள்ள குண்டை அது அந்தக் குழலிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2,650 அடி வேகத்தில் அனுப்பியது.

போல்ட் வைத்த வேட்டைக் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேடுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். குழலின் நீளத்தைப் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைபிளில் சம்பாதித்த புகழ் குட்டைக் குழலுக்குள் அப்படியே வந்து சேர்வதில்லை.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இங்கே இரண்டும் வேறு. தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளை உறை, அதன் அடியில் பொறி தருகிற பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும். .308, .223 என்று வருகிற எண்கள் குண்டின் விட்டத்தை, அதாவது குழலின் உட்புற அகலத்தை, ஏறத்தாழ அங்குலத்தில் சொல்கின்றன. குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வது வழக்கம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். 150 கிரெய்ன் குண்டு பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

கைத்துப்பாக்கியில் வேட்டையாடுவது அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம். பல மாநிலங்களில் அதற்கென்றே தனி விதிகள் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது என்பதால், இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு மட்டுமே உரியது. இந்தத் துப்பாக்கிகளில் தோளில் வைக்கும் கட்டை ஏன் இல்லை என்று புதியவர்கள் கேட்பார்கள். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, தோள்கட்டை வைத்த ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தோள்கட்டை இல்லாதவரை அது கைத்துப்பாக்கி. குட்டைக் குழலும் தோள்கட்டை இல்லாமையும் சேர்ந்தே வருகின்றன. இந்த இரண்டும்தான் தோட்டாவைத் தீர்மானிக்கின்றன.

இன்றைக்குக் கடைக்குப் போனால் குழப்பம் எங்கே தொடங்கும் என்பதற்கு ஸாவேஜ் நிறுவனத்தின் 110 பிசிஎஸ் நல்ல எடுத்துக்காட்டு. குழல் 10.5 அங்குலம். அதே துப்பாக்கி .223 ரெமிங்டன், .300 பிளாக்அவுட், .350 லெஜெண்ட், .308 வின்செஸ்டர், 6.5 க்ரீட்மோர் ஆகிய தோட்டாக்களுக்குக் கிடைக்கிறது. புதிதாக வாங்குகிறவரின் கை இயல்பாகவே .308 பக்கமோ க்ரீட்மோர் பக்கமோதான் நீளும். பெயர் பெரிது, பட்டியலில் உள்ள வேகமும் பெரிது. அந்த வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது என்பது பெட்டியின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது.

குழலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிரைமர் பொறி தந்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டின் முதுகைத் தள்ளுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரைதான் அந்தத் தள்ளல் பயன்படும். வெளியேறிய பிறகும் எஞ்சியிருக்கும் அழுத்தமும், எரிந்துகொண்டிருக்கும் மருந்தும் ஓசையாகவும் ஒளியாகவும் பின்னுதைப்பாகவும் கழிந்துபோகின்றன. அடுப்பில் எரிய வேண்டிய விறகு வாசலில் எரிவதுபோல. உறை பெரிதாகவும், குழலின் அகலம் சிறியதாகவும், மருந்து மெதுவாக எரிவதாகவும் இருந்தால் அந்த மருந்துக்கு நீண்ட குழல் தேவை. உறை சிறிதாகவும், அகலம் பெரிதாகவும், மருந்து விரைந்து எரிவதாகவும் இருந்தால் குட்டைக் குழலே போதும். தோட்டாக்களைப் பற்றிய பல பக்க விவாதங்களை இந்த ஒரு விதிக்குள் அடக்கிவிடலாம் என்பது என் கருத்து.

எண்ணில் போட்டுப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். .308-இல் 150 கிரெய்ன் குண்டுக்கு 44 கிரெய்ன் அளவில் மருந்து போகிறது என்று கொள்வோம். 24 அங்குல ரைபிளில் அது விநாடிக்கு 2,820 அடி வேகம் தரும். 10.5 அங்குலக் குழலில் 2,350 அடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். .300 பிளாக்அவுட்டில் 125 கிரெய்ன் குண்டுக்கு மருந்து 19 கிரெய்ன் அளவு. அதே 10.5 அங்குலக் குழலில் வேகம் 2,050 அடி அளவு. குண்டின் ஆற்றலாக மாற்றினால் .308 சுமார் 1,840 அடி-பவுண்டு (ஒரு பவுண்டு எடையை ஓரடி உயர்த்தத் தேவையான ஆற்றல் ஒரு அடி-பவுண்டு), பிளாக்அவுட் சுமார் 1,170. ஆக, .308 வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வலிமைக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து கேட்கிறது. ஒரு கிரெய்ன் மருந்துக்கு எவ்வளவு ஆற்றல் என்று வகுத்துப் பார்த்தால், பிளாக்அவுட்டுக்கு 60-ஐ ஒட்டி வருகிறது, .308-க்கு 42-ஐ ஒட்டி. அதே .308 ரைபிள் குழலில் 60-ஐ எட்டிவிடும். குறை தோட்டாவில் இல்லை, இடத்தில்தான்.

அந்த மிச்ச மருந்து சும்மா போவதும் இல்லை. கையை உதைத்துவிட்டுத்தான் போகிறது. ஐந்து பவுண்டு எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக் கணக்கிட்டால், மேலே சொன்ன பிளாக்அவுட்டின் பின்னுதைப்பு 7 அடி-பவுண்டு அளவு வருகிறது. .308-க்கு 18-ஐ நெருங்குகிறது. தோளில் பதியும் ரைபிளில் 18 என்பது பழகக்கூடியது. இங்கே அதைத் தாங்குவது மணிக்கட்டும் முழங்கையும்தான். அதனாலேயே தொலைநோக்கியையும் கண்ணிலிருந்து எட்ட வைத்துப் பார்க்கும் கைத்துப்பாக்கி வகையாக வாங்க வேண்டும். ரைபிள் தொலைநோக்கியைப் பூட்டிக் கண்ணை அருகே கொண்டுபோனால் புருவம் கிழியும். அடுத்த வெடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம். 'விரலுக்குத் தக்க வீக்கம்' என்று நம்மவர்கள் சொல்வது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

ஓசையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். திடீர் வெடியோசை 140 டெசிபெலைத் தாண்டினால் ஒரே வெடியில்கூடச் செவிப்புலன் கெடலாம். பெரிய மையவெடித் தோட்டாக்கள், அதாவது உறையின் அடியில் நடுவே பிரைமர் உள்ளவை, அந்த எல்லையை எளிதில் தாண்டுகின்றன. குட்டைக் குழல் இன்னும் அதிகமாகத் தாண்டுகிறது, ஏனென்றால் வெடிப்பு முகத்துக்கு அவ்வளவு அருகில் நடக்கிறது. சுடுமிடத்தில் காதுக்குள் செருகுவதும் மேலே கவிப்பதுமாக இரண்டு காப்பும் வேண்டும். காட்டில் ஒரே ஒரு வெடிதானே என்று காதைத் திறந்துவைத்துச் சுடுவது தவறு. காட்டின் மெல்லிய ஓசைகளைக் கேட்கவிட்டு வெடியோசையை மட்டும் தடுக்கிற மின்னணுக் காதுக்கவசங்கள் இப்போது கிடைக்கின்றன. சட்டம் இடம் தரும் மாநிலங்களில் ஓசையடக்கி பூட்டிக்கொள்வதும் நல்லது.

இனி விலங்கின் பக்கம் வருவோம். ஆற்றல் கணக்குகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வேட்டைக் குண்டு விலங்கின் உடலில் பட்டதும் முனை விரிய வேண்டும். விரிந்தால் நுரையீரலிலும் இதயத்திலும் அகலமான காயம் உண்டாகும். மான் விநாடிகளில் விழும். விரியாவிட்டால் பென்சில் துளைத்ததுபோல் நுழைந்து வெளியேறும். மான் ஓடிப்போய் எங்கேயோ புதரில் மெல்லச் சாகும். ஒவ்வொரு குண்டுக்கும் அது விரிவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. வழக்கமான .30 ரைபிள் குண்டுகள் பலவற்றுக்கு அது விநாடிக்கு 1,800 அடியை ஒட்டியது. குழலில் 400, 500 அடி வேகத்தை இழந்துவிட்ட துப்பாக்கிக்கு இந்த எண்தான் எல்லைக்கோடு.

10.5 அங்குலக் குழலிலிருந்து 2,350 அடியில் கிளம்பும் .308 குண்டு 300 கஜத்துக்குச் சற்று முன்பு 1,800-க்கு இறங்கும். 2,050-இல் கிளம்பும் பிளாக்அவுட் குண்டு 120 கஜத்தை ஒட்டி அங்கே வந்துவிடும். குண்டின் வடிவத்தைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் ஆகும். பிளாக்அவுட்டுக்கென்றே குறைந்த வேகத்தில் விரியும்படி செய்யப்பட்ட குண்டுகள் இருக்கின்றன; அவற்றை வாங்கினால் எல்லை இன்னும் விலகும். ஆகவே தோட்டாவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குள் எந்தக் குண்டு, அது எந்த வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்பதையும் பெட்டியில் படியுங்கள். ஒலியைவிட மெதுவாகப் போகும் பிளாக்அவுட் தோட்டாக்களும் அதே அலமாரியில்தான் இருக்கும். 220 கிரெய்ன் குண்டு, வேகம் ஆயிரம் அடி சொச்சம், ஆற்றல் 500 அடி-பவுண்டு அளவு. மான் வேட்டைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல விரிவதே இல்லை.

.300 பிளாக்அவுட்டுக்கும் தொடக்கத்தில் சொன்ன ஃபயர்பாலுக்கும் குருதி உறவு உண்டு. ஜே.டி. ஜோன்ஸ் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் .221 ஃபயர்பால் உறையின் கழுத்தை .30 அளவுக்கு அகலப்படுத்தி .300 விஸ்பர் என்ற தோட்டாவை உருவாக்கினார். அந்தக் கருத்தைச் சற்றே மாற்றித் தரப்படுத்திய வடிவம்தான் பிளாக்அவுட். 2011-இல் அதற்குத் தொழில்துறைத் தர ஒப்புதல் கிடைத்தது. குட்டைக் குழலுக்காக வெட்டிய உறை, விரைந்து எரியும் மருந்து, அகலமான வாய். ஒன்பது, பத்து அங்குலத்திலேயே மருந்து முழுவதும் வேலை செய்து முடித்துவிடுகிறது. எக்ஸ்பி-100-ஓடு கற்ற பாடம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு தோட்டாவாக வந்து நிற்கிறது என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிளாக்அவுட் உறையின் அடிப்பகுதி .223-இன் அதே அளவு. .223 துப்பாக்கிக்குள் பிளாக்அவுட் தோட்டா சில சமயம் நுழைந்துவிடும். நுழைந்த நிலையில் சுட்டால் .30 குண்டு .22 குழலுக்குள் போக வழியில்லாமல் துப்பாக்கி வெடித்துச் சிதறும். இரண்டும் வைத்திருப்பவர்கள் தோட்டாக்களைத் தனித்தனிப் பெட்டிகளில், தனித்தனி அலமாரிகளில் வைக்க வேண்டும். ஒரே மேசையில் இரண்டையும் பரப்பவே கூடாது.

.308-ஐ முழுவதுமாகத் தள்ளிவிடவும் கூடாது. 10.5 அங்குலத்தில் அது தரும் 2,350 அடி, நீண்ட குழலில் .30-30 வின்செஸ்டர் தரும் வேகத்தை ஒட்டியது. 1895 முதல் அமெரிக்கக் காடுகளில் வெண்வால் மான்களை வீழ்த்தி வந்த தோட்டா அந்த .30-30. கூர்முனைக் குண்டு என்பதால் தொலைவில் .308 அதைவிட நன்றாகவே வேகத்தைக் காப்பாற்றும். குழல் 14, 15 அங்குலமாக இருந்தால் கணக்கு .308 பக்கம் இன்னும் சாய்கிறது. அந்த நீளத்தில் அதன் உறையிலிருந்தே பிறந்த 7எம்எம்-08 ரெமிங்டன் எனக்கு இன்னும் பிடிக்கும். 140 கிரெய்ன் குண்டு, சற்றே மெல்லிய உதைப்பு, நீண்ட தூரத்துக்கு நேரான பாதை. 200 கஜத்துக்கு மேல் திறந்த மேய்ச்சல் வெளியில் வேட்டையாடுகிறவர், முக்காலியில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சுடுகிறவர், நிறையப் பயிற்சி செய்கிறவர் என்றால் அந்தக் குடும்பம் பொருந்தும். 6.5 க்ரீட்மோர் மெதுவாக எரியும் மருந்தை நம்பியது. 15 அங்குலத்தில் ஏற்கலாம். பத்தரை அங்குலத்தில் அதை ஏன் வாங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. .243 வின்செஸ்டரும் அதே ரகம்: பெரிய உறை, சிறிய துளை.

.223-ஐப் பொறுத்தவரை விடை எளிது. ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டி, வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹாக் போன்ற சிறிய விலங்குகளுக்கு அது போதும், மலிவு, உதைப்பும் குறைவு. மானுக்குப் பல மாநிலங்கள் அந்த விட்டத்தை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கிற இடத்திலும் குட்டைக் குழலிலிருந்து அதை மானுக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.

.350 லெஜெண்ட் பற்றிப் பேசினால் சட்டமும் கூடவே வருகிறது. ஒஹையோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்குக் கழுத்து ஒடுங்கிய உறைகள் கூடாது. அடி முதல் வாய் வரை நேராக இருக்கும் உறைகள் மட்டுமே செல்லும். ஊர்கள் நெருக்கமான சமவெளியில் குண்டு வெகுதூரம் பாய்ந்துவிடக் கூடாது என்பது அந்த விதியின் நோக்கம். வின்செஸ்டர் 2019-இல் லெஜெண்டைக் கொண்டுவந்தபோது இந்த மாநிலங்களைத்தான் மனத்தில் வைத்திருந்தது. அகலமான துளை, நடுத்தர உறை என்பதால் குட்டைக் குழலுக்கும் அது இயல்பாகவே ஒத்துப்போகிறது. 150 கஜத்துக்குள் நல்ல மான் தோட்டா. நேர் உறை விதியுள்ள மாநிலத்தில் வாழ்கிறவருக்கு வேறு தேட வேண்டியதே இல்லை. மற்றவர்கள் தங்கள் மாநில வேட்டைக் கையேட்டில் கைத்துப்பாக்கிக்கு என்ற பகுதியைப் படிக்க வேண்டும்: குறைந்தபட்சக் குழல் நீளம், குண்டின் விட்டம், சில இடங்களில் குறைந்தபட்ச ஆற்றல். ரைபிளுக்கு உரிய பகுதியைப் படித்துவிட்டு அதுவே கைத்துப்பாக்கிக்கும் என்று எண்ணிக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களின் கண்ணில் 7எம்எம் பிஆர் என்ற பெயரும் படும். 1976-இல் தொடங்கிய சர்வதேசக் கைத்துப்பாக்கி உலோக உருவச் சங்கத்தின் போட்டிகளில் 50 மீட்டரில் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200 மீட்டரில் செம்மறிக் கடா என்று எஃகு உருவங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பட்டால் மட்டும் போதாது, கடா சாய வேண்டும். அதற்காக .308 வகை உறையை ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டி எக்ஸ்பி-100-இல் பொருத்தினார்கள். பதினைந்து அங்குலக் குழலுக்கு அதைவிடப் பொருத்தமாக அமைந்த தோட்டாக்கள் குறைவு. ஆனால் இன்று கடையில் கிடைப்பது அரிது. தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளத் தெரிந்தவருக்கு மட்டுமே அது ஏற்றது. தொடக்க நிலையில் இருப்பவர் ஊர்க்கடையில் எப்போதும் கிடைக்கும் தோட்டாவையே எடுக்கட்டும்.

எந்தத் தோட்டாவானாலும் கடைசியில் தூரத்தை முடிவு செய்வது கைதான். வெண்வால் மானின் நெஞ்சுக்குழியில் உயிர்நிலை என்பது எட்டு அங்குல வட்டம் அளவு. எட்டு அங்குலக் காகிதத் தட்டை ஒரு மரச்சட்டத்தில் ஒட்டி, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே சுடுங்கள்: பையின்மேல் சாய்த்தோ, முக்காலியில் வைத்தோ, உட்கார்ந்து முழங்காலில் ஊன்றியோ. ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். அது 90 கஜம் என்றால், 300 கஜம் போகும் தோட்டாவுக்காகக் காதையும் மணிக்கட்டையும் வருத்திக்கொள்ள வேண்டிய காரணம் எதுவும் இல்லை. காட்டோரம் மரத்தில் கட்டிய மேடையிலிருந்து மான் பார்க்கிற பெரும்பாலான புதியவர்களுக்குப் பத்தரை அங்குலக் குழலோடு .300 பிளாக்அவுட், நேர் உறை மாநிலமானால் .350 லெஜெண்ட். இதைத்தான் நான் சொல்வேன்.

துப்பாக்கி வந்ததும் இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொண்டு, வேகம் அளக்கும் கருவி உள்ள சுடுமிடத்துக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வெடி போதும். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில், உங்கள் குழலில் வந்த எண்ணை மையால் எழுதுங்கள். அந்த வேகத்திலிருந்து 1,800-க்கு எத்தனை கஜத்தில் இறங்குகிறது என்று குண்டு நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்து, அதையும் கீழே எழுதுங்கள். தட்டில் கிடைத்த தூரம் ஒன்று, இந்தத் தூரம் ஒன்று. இரண்டில் எது குறைவோ, அதற்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.